கோரைக்குள் கேட்ட குரல்கள்

ஆவாரங்குளத்துக் கரையில் பூவாத்தா என்றொரு கௌதாரி இருந்தாள். நடக்கச் சொன்னால் காட்டையே சுற்றி வருவாள். பறக்கச் சொன்னால் மட்டும் சலித்துக்கொள்வாள். அவளுக்கு ஒரு கூட்டம் குஞ்சுகள். எல்லாமே திறந்த வாயை மூடாத ரகம்.

அந்தக் காட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. சடையனார் என்ற தேவாங்கு, இலுப்பை மரப் பொந்தில் எல்லோருடைய தானியத்தையும் சேர்த்து வைத்து, வீடு கட்ட வழியில்லாதவர்களுக்குக் கடன் கொடுத்துவந்தார். வாங்கியவர்கள் அதைத் தூக்கணாங்குருவிக்கோ பெருச்சாளிக்கோ கூலியாகக் கொடுத்து, கூடோ வளையோ கட்டிக்கொள்வார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிக் கட்டுவார்கள். கட்டாவிட்டால் வீடு பொந்துக்குச் சேரும்.

பொந்தில் ஒரு கூடை தானியம் போட்டவருக்கு அடையாளமாக ஒரு குன்றிமணி கிடைக்கும். அதை வைத்திருந்தால் பௌர்ணமிதோறும் ஒரு பிடி தானியம் வரும். ஆனால் போட்ட கூடையைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அதுதான் கடனாகப் போய்விட்டதே! அவசரம் என்றால் குன்றிமணியை வேறு யாருக்காவது விற்றுக்கொள்ள வேண்டியதுதான். என்ன விலை? வாங்குகிறவர் கொடுக்கிற விலை.

அந்த விலை பேசுகிற இடம் குளத்தங்கரைக் கோரை. மான் நின்றால்கூடக் கொம்பு தெரியாது, அப்படி வளர்ந்து கிடக்கும். பொழுது சாய்ந்ததும் எல்லோரும் அதற்குள் புகுந்துகொண்டு பேசுவார்கள். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். சொந்தப் பேரையும் சொல்ல மாட்டார்கள். ஒருவர் 'அனுபவசாலி' என்பார், இன்னொருவர் 'மழைமேகம்' என்பார். நம் பூவாத்தாவுக்கும் அங்கே ஒரு பேர் உண்டு. 'மேட்டுக்காட்டு ராணி'. வீட்டில் தெரிந்தால் புருஷன் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று மூச்சு விடாமல் இருந்தாள்.

அந்த வருஷம் பூவாத்தா தன்னிடமிருந்த தானியம் மொத்தத்தையும் பொந்தில் போட்டிருந்தாள். அடைமழைக் காலத்தில் இரை தேடி வெளியே போக முடியாது. மாதாமாதம் வருகிற பிடி தானியத்தை நம்பித்தான் குஞ்சுகளின் வயிறு இருந்தது.

இப்படியிருக்க, ஒரு கோடை மழை கொட்டித் தீர்த்த மறுநாள், கோரைக்குள் 'மழைமேகம்' ஆரம்பித்தது.

"சேதி தெரியுமா? பொந்துல கடன் வாங்கிக் கட்டின வயல் எலி வீடு முழுகிப்போச்சு."

"ஒரு வீடுதானா?" என்றது 'அனுபவசாலி'. "எல்லா வீடும் அந்தக் கதிதான். நான் எத்தனை மழையைப் பார்த்தவன்!"

"ஐயோ, நான் ஏழை. என் கூடை போச்சே" என்று அழுதது 'எளியவன்' என்ற குரல்.

"சடையனார் வாயே திறக்கலையே, கவனிச்சீங்களா?" என்றது 'நாலும் தெரிந்தவன்'.

அது மட்டும் உண்மை. சடையனார் நல்லவர்தான், ஆனால் பௌர்ணமி அன்றைக்குத் தவிர மற்ற நாளில் பேச மாட்டார். கேட்டால் அந்தப் பெரிய கண்ணை உருட்டிப் பார்ப்பதோடு சரி. எரிகிற நேரத்தில் இப்படி ஒரு மனுஷர்!

கோரையே கலங்கிப் போனது. ஒரு கூடை பெறுமான குன்றிமணி அரைக் கூடைக்கு இறங்கியது. மறுநாள் கால் கூடை. குப்பாயி என்ற முயல், பூவாத்தாவின் பக்கத்து வளைக்காரி, கால் கூடைக்கு விற்றுவிட்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏதோ வந்தவரைக்கும் லாபம்னு 'அனுபவசாலி'கிட்ட தள்ளிவிட்டேன் பூவாத்தாக்கா. நீயும் வித்துடு. நாளைக்கு அதுகூடக் கிடைக்காது."

பூவாத்தாவின் புருஷன் வேலாண்டியும் அதையே சொன்னான். "குப்பாயி சொல்றதைக் கேளு புள்ள. கோரை பூரா ஒரே பேச்சா இருக்கு. அத்தனை பேரும் பொய்யா சொல்வாங்க?"

பூவாத்தா குஞ்சுகளைப் பார்த்தாள். அடைமழைக்கு அதுகளுக்கு என்ன போடுவது? ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது.

"ஏங்க, இத்தனை பேர் பேசறாங்களே, அந்த வீடுகளைப் போய்ப் பார்த்தேன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?"

வேலாண்டி யோசித்தான். "சொல்லலையே."

"குஞ்சுகளைப் பார்த்துக்கோங்க. நான் நடந்துட்டு வரேன்."

விடிந்ததும் கிளம்பிவிட்டாள். முதலில் போனது பள்ளத்திலிருந்த வயல் எலி வீட்டுக்கு. சேதி மெய்தான். வளை வாய் வரைக்கும் தண்ணீர். எலிக் குடும்பம் பக்கத்துப் புற்றின் மேல் உட்கார்ந்து ஈரத்தை உலர்த்திக்கொண்டிருந்தது. "இந்த வருஷம் எங்களால கடன் கட்ட முடியாது தாயி" என்றது எலி. பூவாத்தாவுக்கு அப்படியே திரும்பிப் போய் வந்த விலைக்கு விற்றுவிடலாமா என்றுகூட இருந்தது.

ஆனால் கிளம்பியது கிளம்பியாயிற்று என்று நடையைக் கட்டினாள். என்ன மனத்திடம் பாருங்கள்!

கரட்டு மேட்டில் முள்ளெலியின் வளை. உள்ளே பொட்டு ஈரமில்லை.

"கடன் ஒழுங்கா கட்டறியா தம்பி?" என்று கேட்டாள்.

"கட்டாம? சடையனார் என்ன லேசுப்பட்டவரா? இடத்தைச் சுத்திப் பார்த்து, வளைக்குள்ள கையை விட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தானே கொடுத்தார்."

பனைமரத்தில் மைனா வீடு கெட்டியாக இருந்தது. வேலியோரம் கீரி வீடும் அப்படியே. உடும்பு ஒன்று கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டு, அந்தப் பெருமையைச் சொல்ல ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தது. பூவாத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு நகர்ந்தாள். ஒரு வீடு பாக்கியில்லாமல் பார்த்துவிட்டு, காலில் முள் தைக்க வீடு வந்து சேர்ந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் வேலாண்டியின் கண் பளபளத்தது.

"அடி சக்கை! அப்போ மூச்சுக் காட்டாதே. தூக்கணாங்குருவிகிட்ட கைமாத்து வாங்கியாவது கிடைக்கிற குன்றிமணியை எல்லாம் கால் கூடைக்கு வாங்கிப் போட்டுடுவோம். தலைமுறைக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம்."

பூவாத்தாவுக்கு ஆசை வராமலில்லை. பக்கத்து வளையில் குப்பாயியின் குட்டிகள் விளையாடுகிற சத்தம் கேட்டது.

"வேண்டாங்க. அந்தப் பிள்ளைங்க வயித்துல அடிச்சு நம்ம பிள்ளைங்களுக்கு ஊட்டறதா? எனக்கு இறங்காது."

அன்று பொழுது சாய்ந்ததும் கோரைக்குள் ஒரே கூச்சல். பூவாத்தா உள்ளே போகவில்லை. குளத்தங்கரைப் பாறை மேல் ஏறி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றாள்.

"மேட்டுக்காட்டு ராணின்னு பேசினது நான்தான். பேரு பூவாத்தா, கௌதாரி. எங்கிட்ட குன்றிமணி இருக்கு. விலை ஏறினா எனக்கு லாபம். அதையும் மனசுல வச்சுக்கிட்டே நான் சொல்றதைக் கேளுங்க."

கூச்சல் அடங்கியது.

"கெட்ட சேதியை முதல்ல சொல்லிடறேன். வயல் எலி வீடு முழுகினது நிஜம். அந்தக் கடன் இந்த வருஷம் வராது. நமக்கு வர்ற பிடியில கொஞ்சம் குறையும். மத்த வீடுகளை எல்லாம் இன்னிக்கு நடந்தே போய்ப் பார்த்தேன். ஒண்ணுகூட நனையலை. எல்லாரும் கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. நம்பாதவங்க நாளைக்கு என்கூட வாங்க, காட்டறேன்."

"பொய்!" என்றது 'அனுபவசாலி'.

"கட்டுக்கதை" என்றது 'மழைமேகம்'.

"இவளுக்கு எவ்வளவு கொடுத்தாங்களோ" என்றது 'நாலும் தெரிந்தவன்'.

பூவாத்தா அசரவில்லை. "நல்லது. நீங்க எந்த வீட்டைப் பார்த்தீங்க? என்னைப் போல வெளியே வந்து சொல்லுங்க."

முதலில் குப்பாயி வெளியே வந்தாள். "நான் எதையும் பார்க்கலை. கேட்டதை வச்சு வித்தேன்" என்றாள். பிறகு கீரி வந்தது. அதற்கு வெட்கமான வெட்கம். தன் வீடே காய்ந்து கிடக்க, எல்லா வீடும் முழுகியதாக நம்பி அதுவும் குன்றிமணியை விற்றிருந்தது! புறாக்கள் வந்தன, அணில் வந்தது. கோரைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் பாறையடியில் கூடிவிட்டார்கள். அந்த நான்கு குரல்கள் மட்டும் வெளியே வரவேயில்லை.

கீரி பொறுமையிழந்து கோரைக்குள் பாய்ந்து விலக்கிப் பார்த்தது. அங்கே உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு கிளி. அதன் காலடியில் சிவப்புச் சிவப்பாக ஒரு குவியல் குன்றிமணி.

"நான் சும்மா காத்து வாங்க வந்தேன்" என்றது கிளி, 'எளியவன்' குரலில். பதற்றத்தில் எந்தக் குரலில் பேசுகிறோம் என்பதுகூட அதற்கு மறந்துவிட்டது.

இத்தனை நாளும் காடே நடுங்கியது, நான்கு குரலில் பேசி விலையை இறக்கி வாங்கிய இந்த ஒற்றைக் கிளிக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. அப்புறம் அணில் சிரிக்க, புறாக்கள் சிரிக்க, அழுதுகொண்டிருந்த குப்பாயியும் சிரித்துவிட்டாள். வாங்கிய விலைக்கே குன்றிமணிகளை உரியவர்களிடம் கொடுத்துவிட்டு, கிளி தலையைத் தொங்கப்போட்டபடி பறந்துபோனது.

சத்தம் கேட்டு வந்த சடையனார் பூவாத்தாவின் முன்னால் நின்றார். "எலி வீடு முழுகின அன்னிக்கே நான் வந்து சொல்லியிருக்கணும் அம்மா. என் வேலையை நீ செஞ்சுட்ட" என்றார். பௌர்ணமி இல்லாத நாளில் அவர் பேசி அன்றுதான் காடு கேட்டது.

அந்த மழைக்காலத்தில் பிடி தானியம் கொஞ்சம் குறைந்துதான் வந்தது. ஆனாலும் பூவாத்தாவின் குஞ்சுகளும் பட்டினி கிடக்கவில்லை, குப்பாயியின் குட்டிகளும் பட்டினி கிடக்கவில்லை.

ஆகவே, முகம் காட்டாத நூறு குரல்களுக்கு நடுங்காமல், நேரில் போய்ப் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்கிறவரின் பேச்சையே நம்ப வேண்டும்.