நாலாவது சிலிண்டர்

திண்டுக்கல்லில் பழைய கார் விற்பவரைப் புரோக்கர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். போர்டில் 'ஆட்டோ கன்சல்டிங்' என்றுதான் எழுதியிருக்கும். நத்தம் சாலையில் தவமணி வைத்திருக்கும் கன்சல்டிங் என்பது தகரக் கொட்டகை ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலிகள் சில, வெயிலில் நிற்கும் கார்கள். பக்கத்தில் பாக்கியத்தின் டீக்கடை. தவமணி பேச ஆரம்பித்தால் தனக்கு டீ வியாபாரம் நடக்கும் என்பதால் பாக்கியம் அவரைத் தடுப்பதில்லை. நம்புவதுமில்லை.

புரட்டாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில் சிங்கம்புணரியிலிருந்து இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் தவில்காரர் சேவுகமூர்த்தி. இன்னொருவர் அவருடைய மச்சான் ஆறுமுகநயினார்; அதே மேளம் செட்டில் நாயனம் வாசிப்பவர். செட்டில் எல்லோரும் கருவிகளோடு உட்காரும்படியாக ஒரு பழைய டீசல் கார் வேண்டும் என்றார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆவணியில் சிறுமலை உச்சியில் ஒரு கல்யாணம். இவர்களுடைய பழைய வேன் பாதி மலையில் புகைவிட்டுப் படுத்துக்கொண்டது. தவிலைத் தலையில் தூக்கிக்கொண்டு இவர்கள் நடந்து போய்ச் சேர்வதற்குள் மேலே முகூர்த்தம் முடிந்துவிட்டது. யாரோ ஒரு பையனின் செல்போனில் வாசித்த நாயனத்துக்குத் தாலி ஏறியிருக்கிறது. கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் அந்தப் போனுக்கு ஒரு அழைப்பும் வந்திருக்கிறது. ஐப்பசியில் அதே வீட்டில் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். பெண்ணின் தகப்பனார் பழைய பழக்கத்தை விடாமல் இவர்களையே சொல்லிவிட்டார். கூடவே, இந்தத் தடவையும் வந்து சேராவிட்டால் அந்த வட்டாரத்தில் காதுகுத்துக்குக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆகவே சேவுகமூர்த்திக்கு வேண்டியது பெயின்டோ சீட்டோ அல்ல, இன்ஜின். பழைய கார் வாங்கியவர்கள், வாங்கி ஏமாந்தவர்கள் எல்லோரையும் விசாரித்துவிட்டு வந்திருந்தார். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: காலையில் போ, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லு, சூடேறிவிட்டால் கழுதையும் குதிரை மாதிரி கனைக்கும்.

தவமணி அவர்களை நேராக ஒரு வெள்ளைக் காரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தம்பி, இது இன்ஜின் இல்ல. தெய்வம்."

ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கண்ணே என்று சேவுகமூர்த்தி கேட்டார். அதற்குப் பதிலாக ஒரு கதை வந்தது. இந்த இன்ஜின் ஓடும்போது பானெட்டில் டீ கிளாஸை நிறைய நிறைய வைத்தாலும் ஒரு சொட்டு சிந்தாதாம். வைத்துப் பார்த்ததில் தன் கிளாஸ் இரண்டு உடைந்தது என்று கடைக்குள்ளிருந்து பாக்கியம் சொன்னாள். அது கிளாஸின் கோளாறு என்று தவமணி ஒதுக்கிவிட்டு, ஆயில் விஷயத்துக்குப் போனார். முந்தைய ஓனர் வீட்டில் ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலைக் கொட்டமாட்டார்களாம். அவ்வளவு சுத்தம். தீபாவளிக்கு அதில்தான் முறுக்கு சுட்டார்களாம்.

"சாப்பிட்டவங்க இருக்காங்களா?" என்று ஆறுமுகநயினார் கேட்டார்.

"இருக்காங்க. ஒருத்தருக்கும் இன்னிவரைக்கும் மூட்டுவலி இல்ல."

சேவுகமூர்த்தி மறுபடியும் சாவியைக் கேட்டார். தவமணி சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார், கையில் வைத்துக்கொண்டு மைலேஜ் பற்றிச் சொன்னார். ஒருமுறை பழனிக்குப் போய்த் திரும்புகிற வழியில் டீசல் முள் ஏறிக்கொண்டே வந்ததாம். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது டேங்க் வழிய ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு பங்க்கில் நிறுத்தி, கொஞ்சம் டீசலை அவர்களுக்கு ஊற்றிவிட்டு வந்தாராம். பங்க் ஓனர் இன்றைக்கும் போன் பண்ணி, அண்ணே இந்தப் பக்கம் எப்ப வருவீங்க என்று கேட்கிறாராம்.

மலை ஏறுமா என்பதுதான் தங்கள் கவலை என்று சேவுகமூர்த்தி சொன்னார். அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவர் மாதிரி தவமணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கொடைக்கானல் ரோட்டில் ஒரு பஸ் நின்றுபோயிருந்ததாம். பாவம் என்று கயிறு போட்டு இழுத்தார். கொஞ்ச தூரத்தில் இன்னொரு பஸ். அதையும் அதன் பின்னால் கட்டினார். டிரைவர்கள் இருவரும் தூங்கிவிட்டார்கள். டாப் கியரை மாற்றவே இல்லை. பாதி மலையில் கண்டக்டர் ஓடிவந்து, அண்ணே கொஞ்சம் மெதுவா போங்க, டிக்கெட் போட்டு முடிக்கல என்று கெஞ்சினாராம்.

"மூணாவது பஸ் ஒண்ணும் கிடைக்கலியா?" என்றாள் பாக்கியம்.

"கிடைச்சுச்சு. கயிறு பத்தல."

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தவமணிக்கு அது வசதிதான். வெயிலில் நிற்கிற இன்ஜினும் கொஞ்சம் சூடேறும். அவர் இன்னும் நிதானமாக ஆரம்பித்தார். ஒரு கோடையில் இந்த இன்ஜினைக் கழற்றித் தோட்டத்துப் போர்வெல்லில் மாட்டினார்களாம். தண்ணீர் கொட்டியது. தோட்டம் நிரம்பியது. இன்ஜின் விடவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் குழாயில் மீன் வர ஆரம்பித்துவிட்டது. குளத்து மீன் அல்ல, கடலில் பிடிக்கிற சாளை மீன். தூத்துக்குடியிலிருந்து போன் வந்ததாம், படகெல்லாம் தரை தட்டுது, கொஞ்சம் நிறுத்துங்க என்று.

பாக்கியம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "குழம்புக்கு உப்புப் போட்டியா, இல்ல அதுவும் குழாயிலேயே வந்திருச்சா?"

"அன்னிக்கு உப்பே போடலக்கா," என்றார் தவமணி, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றார். இன்ஜினைப் போர்வெல்லில் மாட்டியிருந்த அந்த நாட்களில் கார் சும்மா கொட்டகையில் நின்றது. ஓனருக்கு அது ஞாபகமில்லை. காலையில் வழக்கம்போல ஏறி உட்கார்ந்து மில்லுக்குப் போய்விட்டார். போய்ச் சேர்ந்து பானெட்டைத் திறந்தால் உள்ளே இன்ஜின் இல்லை. பழகின பழக்கத்தில் வண்டி ஓடியிருக்கிறது.

பாக்கியம் மறுபடி டீ ஆற்றத் தொடங்கினாள்.

"அப்ப இன்ஜினை நீங்களே வச்சுக்கங்க," என்றார் ஆறுமுகநயினார். "வண்டிய மட்டும் கொடுங்க. எங்களுக்கு டீசல் மிச்சம்."

தவமணி சிரிப்பதற்காக வாயைத் திறந்த நேரத்தில் ஆறுமுகநயினார் அவர் கையிலிருந்து சாவியை, நாயனத்தின் நுனியிலிருந்து சீவாளியைக் கழற்றுவதுபோல, மெதுவாக எடுத்துக்கொண்டார். கதவைத் திறந்து உட்கார்ந்து திருகினார். இன்ஜின் இருமியது. மறுபடி திருகினார். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. பின்னால் நீலப் புகை எழுந்து டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களை மறைத்தது. திருஷ்டி கழிகிறது என்றார் தவமணி.

சேவுகமூர்த்தி புகையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வலதுகை விரல்கள் தொடையில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தன. தட்டின, நின்றன, மறுபடி தட்டின. பிறகு கண்ணைத் திறந்தார்.

"இதுல எத்தனை சிலிண்டர்ணே?"

"நாலு. முத்தான நாலு."

"தகதிமின்னு வரணும். த, க, தி வருது. மி வரல. மூணு பேருதான் வாசிக்கிறாங்க. நாலாவது ஆளு மேடையில உக்காந்திருக்காரு, அவ்வளவுதான்."

தவமணி பானெட்டை ஒருமுறை தடவினார். பாக்கியம் ஒரு கிளாஸைக் கழுவிக் கவிழ்க்கிற நேரம் யோசித்தார்.

"அது ஸ்டெப்னி தம்பி."

ஓடுகிற டயர் நாலு இருந்தாலும் ஒரு டயரைச் சும்மா பின்னால் வைத்துக்கொண்டு போவதில்லையா என்று விளக்கினார். இந்த இன்ஜினுக்கு மூன்று சிலிண்டரே அதிகம். நாலாவது, ஆபத்துக்கு. சிறுமலை மாதிரி இடம் வந்தால் தானாக விழித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் அதை எழுப்புவது அந்த இன்ஜினுக்கு அவமானம்.

"எங்க செட்லயும் அப்படி ஒருத்தர் இருந்தாரு," என்றார் ஆறுமுகநயினார், காரைவிட்டு இறங்கிக்கொண்டே. "பந்திக்கு மட்டும் எந்திரிப்பாரு."

சேவுகமூர்த்தி அதற்குள் நகர்ந்துவிட்டார். கொட்டகையின் கடைசியில் சுவரை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு கார் நின்றது. அதே மாதிரி நீளம். மேலே வேப்பிலைச் சருகு. கண்ணாடியில் தூசி. பானெட்டில் தவமணியின் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. சேவுகமூர்த்தி தூக்கை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, இது எப்படி என்று கேட்டார்.

தவமணியின் முகம் வாடிவிட்டது. "அதுல என்ன தம்பி இருக்கு. கூட்டுறவு பேங்க்ல வேலை பாத்த ஒருத்தர் வச்சிருந்தாரு. சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

மலை ஏறுமா என்று கேட்டதற்கு, ஏறும், மெதுவாக ஏறும் என்றார். மைலேஜ் கேட்டதற்கு, எல்லா வண்டியும் குடிக்கிறதைத்தான் இதுவும் குடிக்கும் என்றார். வழியில் எங்காவது நின்றிருக்கிறதா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து, ரயில்வே கேட்டில் நின்றிருக்கும் என்றார். குரலில் சுரத்தே இல்லை.

சாவி வண்டியிலேயே தொங்கியது. நிழலில் கிடந்த இன்ஜின். சேவுகமூர்த்தி பானெட்டைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. மச்சான் திருகினார். ஒரு மூச்சு கறுப்பாக வந்து கலைந்தது. அப்புறம் ஒரே சீராக ஓடியது. சேவுகமூர்த்தியின் விரல்கள் தொடைக்கு வந்தன. இந்தத் தடவை நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தன. டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர் தன்னையறியாமல் தலையை ஆட்டினார்.

"இதை எடுத்துக்கிறோம்ணே," என்றார் சேவுகமூர்த்தி.

தவமணிக்குப் பொறுக்கவில்லை. விற்பது சரிதான், ஒரு பெருமையும் இல்லாமல் ஒரு வண்டி தன் கொட்டகையை விட்டுப் போவதா. தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தத் தூசிப் பானெட்டைத் துடைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, நீங்க கேட்டதால சொல்றேன். இந்த வண்டி ஒரு தடவை வெள்ளத்துல..."

சேவுகமூர்த்தி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, வேணாம். நீங்க இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாலும் எனக்கு நம்பிக்கை போயிரும்."