நால்வர் பட்டாசுக் கடைக்கு இன்சூரன்ஸ் எடுத்த கதை

சாத்தூருக்குத் தெற்கே நடுக்கரைப்பட்டி என்று ஒரு ஊர். அந்த ஊரில் புத்தி கெட்டவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாலு பேரும் ஒரே இடத்தில் கடை வைத்திருந்தார்கள்.

மூத்தவர் தவசிலிங்கம். யோசிப்பது அவர் வேலை. பெத்தண்ணன், குருவலிங்கம், மாடக்கண்ணு மூவரும் அவருடைய சித்தப்பா பிள்ளைகள். அவர் யோசித்ததைச் செய்து முடிப்பது இவர்கள் வேலை. இப்படிப் பிரித்துக்கொண்டதால் அந்தக் குடும்பத்தில் எந்தத் தப்பும் பாதியில் நின்றதில்லை.

தவசிலிங்கத்துக்கு இது மூன்றாவது தொழில். முதலில் வெள்ளரிப்பிஞ்சு வியாபாரம். பிஞ்சாக விற்பதைவிட முற்றவிட்டு விற்றால் எடை கூடுமே என்று காத்திருந்து, அழுகினால் இன்னும் கூடுமோ என்றும் பார்த்துவிட்டு, அதை மூடினார். அடுத்தது வாடகை சைக்கிள் கடை. சைக்கிளை எவனாவது கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று மாடக்கண்ணு காவலுக்குக் கேரியரில் ஏறிக் கூடவே போனான். மாடக்கண்ணு ஒரே ஆள் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு சைக்கிள்தான் வெளியே போக முடிந்தது. அதுவும் படுத்துக்கொண்டது.

பட்டாசுக் கடை போடப்போகிறேன் என்றதும் அவர் மனைவி முத்துப்பேச்சி சண்டை ஒன்றும் போடவில்லை. ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"இதுவும் போச்சுன்னா நீங்க எங்க அண்ணன் செங்கல் சூளைக்கு மண்ணு மிதிக்கப் போயிர வேண்டியதுதான்."

அந்த மச்சான் லேசுப்பட்ட ஆள் இல்லை. கல்யாணத்தன்று தவசிலிங்கம் மோதிரம் கேட்டு மாப்பிள்ளை முறுக்குக் காட்டியதை இன்னமும் மனசில் வைத்திருக்கிறவர். அவர் சூளையில் அவர் பார்க்க மண் மிதிப்பதா!

சரக்கு வந்து இறங்கிவிட்டது. ஆனால் கட்டிடக்காரர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்: "இன்சூரன்ஸ் இல்லாம என் கட்டிடத்துல பட்டாசு விக்க விடமாட்டேன்." ஆக, இன்சூரன்ஸ் இல்லை என்றால் கடை இல்லை. கடை இல்லை என்றால் சூளை.

ஜெயக்கொடி மேடம் வந்தார். அந்த வட்டாரத்தில் வருஷக்கணக்காக இன்சூரன்ஸ் சொல்லிச் சொல்லிப் பொறுமை பழகியவர். அதுவரை அவருடைய பொறுமைக்குச் சரியான சோதனை வந்ததில்லை.

"தீ, வெள்ளம், திருட்டு. மூணுக்கும் தனித்தனியா பணம். உங்களுக்கு எதுக்குப் பயம் அதிகமோ அதுக்கு எடுத்துக்கோங்க" என்றார்.

தவசிலிங்கம் ஒளிக்காமல் சொன்னார். "எனக்குச் செங்கல் சூளைன்னாத்தான் பயம் மேடம். அதுக்கு எவ்வளவு ஆகும்?"

"அதுக்குப் பாலிசி கிடையாதுங்க."

"சரி, தீக்கு எடுத்தா?" என்றான் பெத்தண்ணன்.

"தீப்பிடிச்சா கம்பெனி பணம் கொடுக்கும்."

"பிடிக்கலைன்னா?"

"பிடிக்கலைன்னா நல்லது."

"நல்லதுக்குக் காசு கிடையாதா?"

"கிடையாது."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கெட்டது நடந்தால்தான் காசு கொடுக்கும் கம்பெனியாம். உலகம் எங்கே போகிறது என்று குருவலிங்கம் வாய்விட்டே வருத்தப்பட்டான்.

பிறகு முறைப்படி விவாதம் நடந்தது. வெள்ளத்துக்குப் பணம் கொஞ்சம்தான் என்று கேட்டதும் மாடக்கண்ணுக்கு ஆசை வந்தது.

"வெள்ளத்துக்கே எடுத்துருவோம்ணே. சல்லிசா இருக்கு."

"லேய், குடிக்கவே தண்ணி இல்லாத ஊருடா இது. வெள்ளம் எங்கிட்டிருந்து வரும்?" என்றார் தவசிலிங்கம்.

"வெளியூர்லருந்து வரவழைக்கலாமே."

"லாரித் தண்ணி விக்கிற விலைக்கு வெள்ளம் கட்டுப்படியாகாதுப்பா" என்றான் குருவலிங்கம். அவன்தான் அவர்களில் கணக்குத் தெரிந்தவன்.

திருட்டுக்கு வந்தார்கள். இது கொஞ்சம் கசப்பாகப் போயிற்று. கடையில் எந்நேரமும் இருக்கப்போவது நாலே பேர். அப்படியென்றால் திருடப்போவதும் இந்த நாலு பேரில் ஒருத்தன்தான். அது யார் என்று இப்போதே முடிவு செய்துவிட்டால் நல்லது என்றான் பெத்தண்ணன். "நானா?" "நீயா?" "என்னைப் பார்த்தா களவாணி மாதிரியா தெரியுது?" என்று குரல்கள் ஏறி, கடைசியில் நாலு பேரும் முத்தாலம்மன் மேல் சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்த பிறகு திருட்டுக்குப் பணம் கட்டினால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகிவிடும். திருட்டு வேண்டாம் என்று முடிவாயிற்று.

மிஞ்சியது தீ. அதற்குத்தான் பணம் மலைபோல் இருந்தது.

"பட்டாசுக் கடையாச்சே, கூடத்தான் வரும்" என்றார் மேடம். "எங்க சர்வே ஆபீசர் வருவார். சரக்கு தீப்பிடிக்க வழியில்லைன்னு அவருக்குத் திருப்தி ஆச்சுன்னா பிரீமியம் குறையும். அதுக்குத் தகுந்த ஏற்பாடு பண்ணி வைங்க."

அவர் மனசில் வைத்துச் சொன்னது மணல் வாளி வைப்பது, பக்கத்தில் பீடி பிடிக்காமல் இருப்பது மாதிரியான சங்கதிகளை. ஆனால் அதை விளக்கிச் சொல்லாமல் போய்விட்டார்.

தவசிலிங்கம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு யோசித்தார். தலை திறந்திருந்தால் யோசனை வெயிலில் காய்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். ரொம்ப நேரம் கழித்துத் துண்டை எடுத்தபோது முகம் தெளிந்திருந்தது.

"லாரித் தண்ணிக்குச் சொல்லு" என்றார்.

தண்ணீர் வந்தது. பெரிய அண்டாவில் நிரப்பி, சரவெடி, அணுகுண்டு, சங்குசக்கரம், புஸ்வாணம் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக முக்கி எடுத்தார்கள். மாடக்கண்ணுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அண்ணே, ராக்கெட்டு மேலே போறதாச்சே. அதையும் நனைக்கணுமா?"

"கிறுக்குப்பயலே, கீழே இருக்கும்போதுதானடா தீப்பிடிக்கும். முழுசா முக்கு."

சர்வே ஆபீசர் வந்தார். கடைக்குள் ஈரக் காகித வாடை மூக்கைத் துளைத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பெத்தண்ணன் தீக்குச்சியைக் கிழித்து ஒரு சரவெடியின் திரியில் வைத்தான். ஆபீசர் "ஐயோ!" என்று கதவு வரைக்கும் ஓடிவிட்டார். குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தான். அதுவும் அணைந்தது. தீப்பெட்டி காலியாகும் வரை கிழித்துக் காட்டினான்.

"எங்க சரக்கு மேல உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம் சார்" என்றார் தவசிலிங்கம். "ஒரு வெடிகூட வெடிக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

ஆபீசர் மெல்லத் திரும்பி வந்தார். "இதை யாருக்கு விக்கப் போறீங்க?"

"தீபாவளிக்கு வெடி வாங்க வர்றவங்களுக்குத்தான்."

ஆபீசர் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். 'தீ அபாயம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

பிரீமியம் குறைந்தது, பாலிசி வந்தது, கட்டிடக்காரரும் விற்கச் சம்மதித்தார். ஜெயக்கொடி மேடம் போகிறபோது வழக்கம்போல் சொல்லிவிட்டுப் போனார்: "சரக்குல தீப்பிடிச்சா உடனே எனக்குப் போன் பண்ணுங்க. பரவாம உங்களால முடிஞ்ச மட்டும் அணைக்கப் பாருங்க. எரிஞ்சதைக் கலைக்காம அப்படியே வைங்க, ஆபீசர் வந்து பார்க்கணும்." தவசிலிங்கம் தம்பிகளை நிற்க வைத்து இதை மனப்பாடம் பண்ண வைத்தார்.

கடை திறந்தது. வந்தவர்கள் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "என்னங்க, சொதசொதன்னு இருக்கு?" என்று கேட்டார்கள். "இன்சூரன்ஸ் பண்ணின சரக்கு, அப்படித்தான் இருக்கும்" என்று தவசிலிங்கம் பெருமையாகச் சொன்னார். ஊர்க்காரர்கள் விவரமானவர்கள். ஈரத்தைக் காட்டிப் பாதி விலைக்கு அடித்துப் பேசி வாங்கிப்போய் மொட்டை மாடியில் வடகம் மாதிரி பரப்பிவிட்டார்கள். அந்த வருஷம் ஐப்பசியிலும் மழை இல்லை. கரிசக்காட்டு வெயில் சும்மா விடுமா? எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்தது.

தீபாவளிக்கு முதல் நாளே கடை துடைத்து வைத்தாற்போல் காலி. லாரித் தண்ணிக்கும் சேர்த்துக் கைக்கு வந்துவிட்டது. மஞ்சப்பை நிறையப் பணத்தோடு வீட்டுக்குப் போன தவசிலிங்கம், சூளை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார். அன்றைக்குத்தான் மனுஷன் நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்தது. தலையில் எண்ணெய் வழிய மணையில் உட்கார்ந்திருந்தார். மேலத்தெருப் பக்கம் 'டமார்' என்று ஒரு சத்தம்.

"ஐயையோ! நம்ம சரக்குல தீப்பிடிச்சிருச்சு!"

எண்ணெய்த் தலையோடு எழுந்து ஓடிப் போனை எடுத்தார்.

"மேடம், தீப்பிடிச்சிருச்சு மேடம்!"

"கடவுளே! கடையிலயா?"

"இல்ல, மேலத்தெருவுல. தண்ணி டேங்குக்குப் பக்கத்துல."

"என்ன எரிஞ்சுது?"

"ஒரு லட்சுமி வெடி மேடம். இருங்க, வச்சிராதீங்க... இன்னொண்ணும் எரிஞ்சிருச்சு. இந்தா, கீழத்தெருவுல ஒரு சரம்..."

மேடம் போனை அணைத்துவிட்டார். தகவல் சொல்லியாயிற்று என்று தவசிலிங்கம் அடுத்த வேலைக்குப் போனார். நாலு பேரும் ஆளுக்கு ஒரு வாளியோடு ஊருக்குள் இறங்கினார்கள்.

அந்தத் தீபாவளியை நடுக்கரைப்பட்டி மறக்காது. புஸ்வாணம் பூக்க ஆரம்பித்தால் பொதேரென்று ஒரு வாளித் தண்ணீர். சங்குசக்கரம் சுற்றினால் அதற்கு ஒரு வாளி. தலைத்தீபாவளிக்கு வந்த ஒரு மாப்பிள்ளை பட்டுச்சட்டையோடு மத்தாப்புப் பிடித்து நின்றார். அவரைத் தலையோடு காலாக அணைத்தார்கள். மாமனார் விளக்குமாற்றோடு விரட்டினார். ஓடிக்கொண்டே, "உங்களுக்காகத்தான் மாமா, பரவிரக் கூடாதுல்ல!" என்று கத்தினான் பெத்தண்ணன். குருவலிங்கம் வாசல் வாசலாகப் போய்க் காலில் விழாத குறை. "கூட்டிராதீங்க தாயி, ஆபீசர் வந்து பார்க்கணும்." குப்பையைக் கூட்ட விடாமல் அதன் மேலேயே படுத்தும் பார்த்தான்.

சாயங்காலத்துக்குள் நாலு பேருக்கும் வாங்காத அடி கிடையாது. ஆனாலும் சொன்னபடி நடந்துகொண்டோம் என்ற திருப்தி இருந்தது.

மறுநாள் ஜெயக்கொடி மேடம் நேரிலேயே வந்துவிட்டார். தெரு முழுக்க வெடிக் காகிதம். அதைச் சுற்றிக் காவல்.

"பணம் எப்ப மேடம் வரும்? மொத்தச் சரக்கும் ஒரே நாள்ல எரிஞ்சு போச்சு" என்றார் தவசிலிங்கம்.

மேடம் கண்ணை மூடித் திறந்து, நிதானமாகச் சொன்னார். "இங்க பாருங்கண்ணே. தெருவுல எரிஞ்சதுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. கடைக்குள்ள இருக்கிறது எரிஞ்சாத்தான் பணம். போய் உங்க கடையைத் திறந்து பாருங்க, ஏதாவது எரிஞ்சிருக்கான்னு." சொல்லிவிட்டு விறுவிறுவென்று பஸ் ஏறிப் போய்விட்டார். பாவம், அவர் பொறுமையும் அவ்வளவுதான்.

சொன்னபடியே போய்க் கடையைத் திறந்தார்கள். உள்ளே கரி இல்லை, புகை இல்லை. மாடக்கண்ணு தரையைத் தடவிப் பார்த்து ஈரம் இல்லை என்றான். அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. உள்ளே சரக்கும் இல்லை.

"அண்ணே, தீ வரல" என்றான் பெத்தண்ணன்.

"வெள்ளமும் வரல" என்றான் மாடக்கண்ணு.

"அப்ப மேடம் சொன்னதுல மிச்சம் என்னப்பா இருக்கு?" என்று கேட்டான் குருவலிங்கம். கேட்டவன் வாயை அப்படியே பொத்திக்கொண்டான்.

தவசிலிங்கம் கடை நடுவில் பொத்தென்று உட்கார்ந்தார். அம்மனை நம்பி எதற்குப் பணம் கட்டாமல் விட்டார்களோ அந்தத் திருட்டே வந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "மூணாவது தொழிலும் போச்சேடா! அந்த ஆளு முன்னால மண்ணு மிதிக்கணுமேடா!"

அழுது முடித்து, வீட்டுக்குப் போய்ப் பாயும் தட்டும் எடுத்துக்கொண்டு, பணப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியனுப்பத் தம்பிகளும் கூடவே வந்தார்கள். சூளைக்குப் போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷன். ஒரு புகாராவது கொடுத்துவிட்டுப் போவோம் என்று நாலு பேரும் உள்ளே போனார்கள். ஏட்டய்யா இருந்தார்.

"எவ்வளவு போச்சு?"

"கடையே காலி அய்யா."

"பூட்டை உடைச்சானா?"

"அந்தக் கஷ்டமெல்லாம் அவங்களுக்கு வைக்கலய்யா. நாங்கதான் எடுத்துக் கட்டிக் கொடுத்தோம்."

ஏட்டய்யா பேனாவைக் கீழே வைத்தார். "யாரு மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"சந்தேகமே இல்லய்யா, நல்லா தெரியும். மேலத்தெரு பூரா, கீழத்தெரு பூரா, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஆளுக எல்லாரும்."

"அது என்னய்யா பையில?"

"அதுவா? எடுத்தவங்க ஆளாளுக்குக் கொஞ்சம் விட்டுட்டுப் போன பணம். களவாணிப் பணத்தை வச்சு நாங்க என்ன பண்ண? நீங்களே வச்சுக்கோங்க" என்று தவசிலிங்கம் பையை மேஜை மேல் வைத்தார்.

ஏட்டய்யா தலையில் அடித்துக்கொண்டார். "அட கூறுகெட்ட மனுஷங்களா! அதுக்குப் பேருதான்யா வியாபாரம்! சரக்கு வித்திருச்சு, காசு வந்திருச்சு, பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்கய்யா! நானே எம் மகளுக்கு ரெண்டு பெட்டி மத்தாப்பு வாங்கிட்டுப் போனேனே, மறந்துட்டீங்களா?"

நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. தவசிலிங்கம்தான் மூத்தவர் ஆயிற்றே, மேஜைக்குக் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மறக்கலய்யா. போலீஸ்காரருக்குச் சங்கடமாப் போயிருமேன்னுதான் உங்க பேரை மட்டும் சொல்லாம விட்டோம்."