நெய்ச்சோறு தின்ற குதிரைகள்

முத்தும் மிளகும் ஏற்றிப் போன கப்பல்கள் குதிரைகளோடு திரும்பி வரும் பேரரசு அது. அங்கே அரண்மனை லாயத்தின் தலைவன் எயினனுக்கு அன்று பொறுமை அடியோடு போயிருந்தது. குராமரத்தடியில் இருந்த தன் குருவின் முன்னே தலைப்பாகையைக் கழற்றி எறிந்தான்.

குருவுக்கு அவனைவிடப் பத்து வயது குறைவு. ஊர் அவரைக் குராவடி அம்மை என்று கூப்பிடும்.

"பதினொன்றாவது குதிரையும் செத்துவிட்டது, அம்மையே. மிச்சம் ஒரே ஒரு வெள்ளைக் குதிரை. அதன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அதுவும் போனால் என் தலையும் போகும்."

"என்ன தின்கிறது?"

"வேறென்ன? நெய்ச்சோறு! கோயிலிலிருந்து மூன்று வேளையும் அண்டா அண்டாவாகப் பிரசாதம் வருகிறது. மன்னர் ஏறும் குதிரை புல் தின்பதா என்கிறார் குருக்கள். வேண்டாமென்றால் சாமி குற்றமாம்."

"குதிரை விற்ற வணிகர் என்ன சொல்கிறார்?"

"அவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்? இது செத்தால்தானே அடுத்த கப்பல்! தம் பங்குக்கு நெய்க்குடம் வேறு அனுப்புகிறார்."

"மன்னர்?"

"ஆறு மாதமாகத் தொண்டை வறளக் கத்துகிறேன், குதிரைக்குப் புல்தான் ஆகாரம் என்று. 'என் குதிரையை மாடு என்கிறாயா?' என்று கேட்கிறார். செவிடன் காதில் ஊதிய சங்கு!"

அம்மை எழுந்தார். போகும் வழியில் ஏரிக்கரையில் ஒரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டார்.

லாயத்தில் மன்னரும் குருக்களும் வெள்ளைக் குதிரையின் வாயில் சோற்றைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

அம்மை புல்லின் மேல் ஒரு சிட்டிகை திருநீற்றைத் தூவி நீட்டினார்.

"பிரசாதமா?" என்றார் மன்னர்.

"திருநீறு பட்டிருக்கிறது."

மன்னர் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு இரு கையாலும் வாங்கினார். குருக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குதிரை தலை நிமிராமல் தின்று தீர்த்தது.

அன்றிலிருந்து குதிரைக்குத் திருநீறு தூவிய புல்தான். ஒரு வாரத்தில் அது துள்ளி ஓடியது. எயினனுக்கோ வயிறு எரிந்தது. மறுபடி குராமரத்தடிக்கு வந்தான்.

"நான் சொன்னதும் இதே புல்லைத்தானே, அம்மையே? ஒரு சிட்டிகை சாம்பலுக்கு உள்ள மதிப்பு என் வார்த்தைக்கு இல்லையா? நீங்களாவது உண்மையை உடைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீதான் சொன்னாயே. எத்தனை பிழைத்தன?"

எயினன் பல்லைக் கடித்தான்.

"இன்னொரு கூத்தையும் கேளுங்கள். இப்போது மந்திரிகள் எல்லாரும் லாயத்து வாசலில் வரிசை கட்டி நிற்கிறார்கள். அவர்களுக்கும் முன்னால் அந்தக் குதிரை வணிகர். அவர்களுக்கும் புல் பிரசாதம் வேண்டுமாம்! நான் என்ன செய்ய?"

அம்மை திருநீற்றுப் பையை அவன் கையில் வைத்தார்.

"கொடு, எயினா. குதிரை தின்ற பிறகு."