ஆமாம்பட்டியில் கூரை செத்த கதை

ஆமாம்பட்டி என்று ஓர் ஊர். அங்கே யார் என்ன சொன்னாலும் செய்துவிடுவார்கள். சொன்னபடியே செய்வார்கள், அதுதான் வம்பு.

அந்த ஊர் வன்னிமுத்துவின் கூரையை ஆடிக்காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. பாவம், மனுஷன் சும்மா இருக்கவில்லை. கீற்று பின்னினான், தகரம் வாங்கினான், மச்சான் வீட்டில் மிஞ்சிய ஓடுகளையும் வண்டியில் ஏற்றி வந்தான். மூன்றும் வாசலில் கிடந்தன. எதைப் போடுவது என்றுதான் புரியவில்லை.

"மழை வர்றதுக்குள்ள கூரை ஏறலைன்னா எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிருவேன்," என்றாள் பெண்டாட்டி சீனியம்மா. அவள் இல்லாவிட்டால் வன்னிமுத்துவுக்கு ஒரு வாய் சோறு இறங்காது. ஆடிப்போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்து ஜீப்பில் வந்தார் சுற்றுச்சூழல் அதிகாரியம்மா ஒருவர். "எந்தப் பொருளையும் பிறப்பிலேர்ந்து சாவு வரைக்கும் பாருங்க. புகை எவ்வளவு, தண்ணி எவ்வளவு கெடும், குப்பை எவ்வளவுன்னு பாருங்க. அதுல எது உங்களுக்கு முக்கியம்னு கூடிப் பேசி மார்க் போடுங்க. கெடுதல் கம்மியானதை எடுத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல யோசனைதான். சொன்ன இடம்தான் சரியில்லை.

ஊர் கூடியது.

"இதுக பிறந்ததை நாம பார்க்கலையே," என்று கவலைப்பட்டான் வன்னிமுத்து.

"நாம பிறந்ததையும்தான் நாம பார்க்கல. அதுக்காக இல்லாமலா போயிட்டோம்?" என்றார் ஊர்த்தலைவர் ஒச்சப்பன். "சாவையாவது கண்ணாரப் பார்ப்போம்."

கீற்றைக் கொளுத்தினார்கள். ஓடுகளை உலக்கையால் நொறுக்கினார்கள். தகரம் மட்டும் எவ்வளவு அடித்தும் சாகவில்லை.

"கிணத்துல போடுங்கப்பா, சளி பிடிச்சாவது சாகும்," என்றார் பக்கத்து வீட்டுக் கோட்டைச்சாமி. போட்டார்கள்.

அப்புறம் மார்க். ஒச்சப்பனுக்கு இழுப்பு உண்டு; புகைதான் பெரிய கெடுதல் என்று இருமிக்கொண்டே சொன்னார். கோட்டைச்சாமி ஓட்டுச்சில்லை மிதித்திருந்தார். குப்பைதான் என்று நொண்டிக்கொண்டே சண்டைக்கு வந்தார். தகரத்தால் கெட்டது கிணற்றுத் தண்ணீர். அது வன்னிமுத்துவின் கிணறு என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, தகரம் ஜெயித்தது. எல்லாரோடும் சேர்ந்து வன்னிமுத்துவும் கைதட்டினான்.

வீட்டுக்கு ஓடினான். "சீனி! தகரம் ஜெயிச்சிருச்சு!"

"எங்கே அது?"

"கிணத்துக்குள்ள. செத்துப்போச்சு."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அடுப்பு கரைந்தது. சீனியம்மா துணிமூட்டையைத் தூக்கினாள். "வண்டியைக் கட்டு. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"பொறு தாயி," என்று மறித்தார், பின்னாலேயே ஊரைக் கூட்டி வந்திருந்த ஒச்சப்பன். "வண்டியா, சைக்கிளா, நடையான்னு பார்த்துத்தானே முடிவு பண்ணணும்?"

அதற்குள் கோட்டைச்சாமி கோடாலியால் வண்டிச் சக்கரத்தைப் பிளந்துவிட்டார். சைக்கிள் கிணற்றில் விழுந்த சத்தம் கேட்டது. வன்னிமுத்துவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இனி இவள் எப்படிப் போவாள்!

"நடை பாக்கி இருக்கே," என்றார் ஒச்சப்பன். "நடையோட சாவை எப்படிப் பார்க்கிறது?"

ஊரே நனைந்தபடி யோசித்தது. பிறகு மெல்ல, ஒவ்வொருவராக, வன்னிமுத்துவின் காலைப் பார்த்தார்கள். கோட்டைச்சாமி கோடாலியைத் துடைத்தார்.

பெண்டாட்டியின் கையைப் பிடித்தான் வன்னிமுத்து, மாமியார் வீட்டைப் பார்த்து எடுத்தான் ஓட்டம்.

"அடடா! ஓட்டத்தை நாம சேர்க்கவே இல்லையே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, கோடாலியோடு ஊரே பின்னால் ஓடியது.