வரிசையைப் பார்த்த மிஷின்

பால் கேனைத் தேய்த்துக்கொண்டே சொல்கிறேன். எனக்குக் கதை சொல்லிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப் பால் சங்கத் தலைவர் மாதேசன் மடத்துக்குப் போனார். மடத்தை நடத்துகிற சாமியம்மா கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"தாயே, என்னை ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"என்ன பண்ணினீங்க தலைவரே?"

"ஒண்ணும் பண்ணலை, அதான் வயித்தெரிச்சல்! பால் தரம் பாக்குற மிஷின் என்ன நம்பர் காட்டுதோ அதைத்தான் எழுதுறேன். குறைச்சு எழுதுறேன்னு சொல்லி, பொம்பளைங்க தனியார் வண்டிக்கு ஊத்துறாங்க. இந்த மாசமும் பால் குறைஞ்சா சங்கத்தை மூடிருவாங்க."

"எல்லாருக்கும் காட்டுறதைத்தான் எழுதுறீங்களா?"

"கிட்டத்தட்ட எல்லாருக்கும்."

சாமியம்மா ஒரு களையைப் பிடுங்கினார்.

"சனங்ககிட்ட சொல்லிப் பாத்தீங்களா?"

"மைக் வச்சுச் சொன்னேன். கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணினேன். என் போட்டோ போட்டுப் பேனர்கூட வச்சேன்."

"அப்புறம்?"

"இன்னும் நாலு பேர் போயிட்டாங்க."

சாமியம்மா உள்ளே போய் வந்தார். மூடிய கையை நீட்டினார்.

"இதுல வெல்லம் இருக்கு. நம்புங்க."

"கையை விரிங்க தாயே."

"சத்தியமா இருக்கு."

"இருக்கட்டும். விரிச்சுக் காட்டினா என்னவாம்?"

"பேனர் வைக்கட்டுமா?"

தலைவர் செருப்பை மறந்துவிட்டு ஓடினார்.

மறுநாள் காலை சங்கத்தில் மிஷின் திரும்பியிருந்தது. அதுவரை நம்பர் அவர் முகத்தை மட்டும் பார்த்திருந்தது. இப்போது வரிசையைப் பார்த்தது.

முதல் ஆள், அவர் சம்சாரம் சாலம்மா அக்கா. எப்பவும் அவர்தான் முதல். அவசரத்தில் தலைவர் அதை யோசிக்கவில்லை.

பாலை ஊற்றினார்கள். மிஷின் காட்டியது: நூற்றுக்கு இருபத்தெட்டு பங்கு தண்ணீர்.



தலைவர் மிஷினைப் பார்த்தார். பேனரில் சிரிக்கிற தன்னையே பார்த்தார்.

"எழுதிருவியா நீ?" என்றார் அக்கா.

எழுதினார். பாலையும் திருப்பிக் கொடுத்தார்.

நாலாம் நாள் மடத்துக்கு வந்தார், செருப்பு எடுக்க.

"தாயே, மூணு நாளா வீட்டுல எனக்குச் சோறில்லை."

"சங்கத்துல?"

"வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நிக்குது."

சாமியம்மா மூடிய கையை நீட்டினார். இந்தத் தடவை கேட்காமலே விரித்தார்.

"சாப்பிடுங்க" என்றார்.

இன்னொன்று சொல்லாமல் விட்டேன். மிஷின் திரும்பின அன்றைக்கு, அக்கா பாலுக்கு வந்த நம்பரைப் பார்த்ததும், வரிசையில் பாதிப் பேர் எதையோ மறந்து வந்தது மாதிரி கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். ஆமாம், நானும்தான். ஆனால் நான் கலந்தது ஒரே ஒரு சொம்பு, அதுவும் பிள்ளைக்கு எடுத்துவைத்த குறையை ஈடுகட்ட... இதோ வர்றேன் அத்தே, பிள்ளையை அழ விடாதீங்க, நான் என்ன சொல்ல வந்தேன் என்றால், அந்த ஒரு சொம்பைக்கூட மறுநாளிலிருந்து கலக்கிறதில்லை.