ஜூலை நான்குக்கு முன் பிறந்தவள்

ஆம்ப்ரோஸ் டில்டன் வக்கீல் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தவர். பாதி வயதுக்கு மேல் அதை உதறிவிட்டு, அடிமை முறையை ஒழித்தே தீருவதென்று அமெரிக்காவின் வட மாநிலம் ஒன்றின் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அவருடைய மசோதா ஆண்டுதோறும் தோற்றது.

கார்ட்லண்ட் அவரிடம் தொழில் கற்றவன். இப்போது அவனும் உறுப்பினன், நரை தொடங்கியவன். இம்முறை மசோதா தேறும் என்ற நிலை வந்ததே அவனால்தான். எதிர்த்தரப்போடு உட்கார்ந்து ஒரு தேதியைப் பேசி முடித்திருந்தான். வரும் ஜூலை நான்குக்குப் பின் பிறக்கும் குழந்தைகளுக்கு விடுதலை. முன்பே பிறந்துவிட்டவர்கள் சாகும்வரை அடிமைகள். கையை விட்டு எதுவும் போகாதென்றால் பெரிய மனிதர்கள் தாராளமாகவே நடந்துகொள்வார்கள்.

“நாளை வாக்கெடுப்பு. உங்கள் முகத்தில் ஏன் மகிழ்ச்சியே இல்லை, ஐயா?” என்று விடுதியின் மாடியறையில் கேட்டான் கார்ட்லண்ட்.

“கீழே ஃபீபி துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். மசோதாவை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு வா.”

ஃபீபி அவர்கள் தங்கியிருந்த அந்த விடுதிக்காரரின் அடிமை; பிள்ளைத்தாய்ச்சி. நனைந்த போர்வையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவள் மகள் சூக்கியும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கார்ட்லண்ட் படித்தான். ஃபீபி கைவேலையை நிறுத்தவில்லை.

“ஆகஸ்டில் பிறக்கும் என்கிறார்கள். அப்படியானால் இதற்கு விடுதலையா, ஐயா?”

“ஆமாம்.”

“சூக்கிக்கு?”

அவன் தாளைப் பார்த்தான். அதிலிருந்தது அவனுக்கு மனப்பாடம்.

“இவள் எப்போதும் இப்படித்தான், ஐயா” என்றாள் ஃபீபி. “எதற்கெடுத்தாலும் அவசரம். பிறக்கும்போதும் மருத்துவச்சி வரும்வரை பொறுக்கவில்லை.”

சிறுமி சிரித்தாள். தன்னைப் பற்றிப் பேசுவது அவளுக்குப் பிடித்திருந்தது.

கார்ட்லண்ட் மாடியேறி வந்தான்.

“தேதியை எடுத்துவிடலாம், ஐயா.”

“எடுத்தால்?”

“தோற்போம்.”

“தோற்றால்?”

கார்ட்லண்ட் கையிலிருந்த தாளை மடித்தான்.

“வயிற்றில் இருப்பதும் அடிமை.”

“அதனால் நாளை நான் ஆதரித்துத்தான் வாக்களிப்பேன். நீயும் அப்படித்தான்.”

“இது தெரிந்துமா என்னை அவளிடம் அனுப்பினீர்கள்? எதற்காக?”

டில்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சட்டம் நிறைவேறியதும் ஊரெங்கும் மணி அடிப்பார்கள். மன்றமே எழுந்து நின்று கைதட்டும். அப்போது என்னோடு இன்னும் ஒருவனாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.”