அப்பளம் சுட்ட லைப்ரரி

"குருவே, மாயாவியா, சாதுவா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார் திருமேனி.

மேகத்துக்கும் மேலே, சிக்னல் மட்டும் தாராளமாகக் கிடைக்கிற ஒரு மலையில் இருந்தது அந்த மென்பொருள் மடம். திருமேனி தலை நரைத்த சீடர். குரு அங்கயற்கண்ணி அவரைவிட வயதில் சின்னவர்.

"உள்ள வந்து சொல்லுங்க."

"நாளைக்கு நம்ம ஃப்ரேம்வொர்க் வெளியே போகுது. ரெகெக்ஸ் லைப்ரரி ஒண்ணு வேணும்; மாயாவி, சாதுன்னு ரெண்டு இருக்கு. எழுத்துக் குவியல்ல நாம சொல்ற வடிவத்தைத் தேடிக் குடுக்கணும், அவ்வளவுதான் வேலை. ஆனா அது மாட்டிக்கிட்டா, நம்ம ஃப்ரேம்வொர்க்கை நம்பிக் கட்டின இணையதளமெல்லாம் கூடவே படுத்துடும். தேர்ந்தெடுக்கிறது நானாம். தூக்கமே போச்சு."

"மனசு எந்தப் பக்கம்?"

"மாயாவி! அதுக்குத் தெரியாத வித்தையே இல்லை. சாது, பாவம், பாதி கேக்கும்போதே 'தெரியாது'ன்னுடும்."

மடத்தில் ஒரு வழக்கம். எந்தக் கருவி வந்தாலும் முதல் வரியைக் குருதான் தட்டுவார்.

திருமேனி மாயாவியை ஏற்றி, விதி எழுதினார்: ஹாக்கள் சேர்ந்தால் சிரிப்பு. சிரிப்புகள் சேர்ந்தால் பெருஞ்சிரிப்பு. வரியில் வேறெதுவும் இருக்கக் கூடாது.

குரு தட்டினார்.

ஹாஹாஹாஹாஹாஹாஹா என்று வரி முழுக்க. கடைசியில் ஒரு கேள்விக்குறி.

மாயாவி ஹாக்களைச் சிரிப்புகளாகப் பிரித்தது. கேள்விக்குறியில் இடித்தது. திரும்பி வந்து வேறு மாதிரி பிரித்தது. இடித்தது. மறுபடி பிரித்தது.

லேப்டாப்பின் விசிறி அலறியது. ஹெலிகாப்டரில் அமைச்சர் வருகிறார் என்று நினைத்து, அடுத்த மலைச் சாமியார் மாலையோடு ஓடி வந்தார்.

குரு ஓர் அப்பளத்தை எடுத்து லேப்டாப் மேல் வைத்தார்.

புடைத்துச் சிவந்தது.

சாமியாரும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாயாவி இன்னும் பிரித்துக்கொண்டிருந்தது.

"குருவே, நாளைக்கு எவனாவது இப்படிச் சிரிச்சு வெச்சா..."

"வைப்பான்."

குரு மாயாவியை நிறுத்தினார். சாதுவை ஏற்றினார். அதே விதி. அதே வரி.

"பெருஞ்சிரிப்பு இல்லை" என்றது சாது. கடித்த அப்பளம் வாய்க்குள் நொறுங்குவதற்குள் சொல்லிவிட்டது. விசிறி மூச்சுக்கூட விடவில்லை.

திருமேனிக்கு மனசு ஆறவில்லை. "இருந்தாலும், மாயாவி செய்றதுல பாதி இதுக்குத் தெரியாதே!"

"ஆமா," என்றார் குரு, அடுத்த அப்பளத்தை லேப்டாப் மேல் வைத்துப் பார்த்தபடி. "சுத்தமா சுட வரலை."

திருமேனி சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் கடைசியில் கேள்விக்குறி இல்லை.